ஒன்றரை மணிச் சாட்சி

அத்தியாயம் 4

"திருட வந்தவன் எவனாவது வயரைச் சுருட்டி வச்சிட்டுப் போவானா, வாய்?"

அக்கா இதைக் கேட்டபோது நான் மேஜைக்கு அடியில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிலையில் ஒரு மனிதனுக்கு என்ன பதில் தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

"நல்ல வளர்ப்புக்கா. போகும்போது ஃபேனைக்கூட அணைச்சிட்டுத்தான் போயிருக்கான்."

"வெளியே வா."

வந்தேன். மேஜையில் தலை இடிக்காமல் வந்தது அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் அதிர்ஷ்டம். கடைசியும் அதுதான்.

அக்காவின் கையில் ஒரு கறுப்பு வயர் இருந்தது. வளையம் வளையமாக, ஒரே அளவில் சுற்றி, நடுவில் ஒரு பட்டையால் கட்டியிருந்தது. இந்த வயரின் மறுமுனையில் போன செவ்வாய்க்கிழமை வரை ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கிற வகை, உள்ளங்கை அகலம். இப்போது வயர் மட்டும் இருக்கிறது, டிஸ்க் இல்லை.

எங்களைப் பற்றி இரண்டு வரி. அக்கா ஒரு தினசரிப் பத்திரிகையில் இருபத்தெட்டு வருடம் ப்ரூஃப் திருத்தியவர். முழுப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எந்த வரியில் காற்புள்ளி காணோம் என்று சொல்லிவிடுவார். அதனால் ஊரே அவரைக் காற்புள்ளி என்றது. ஓய்வு பெற்ற பிறகு காணாமல் போன மற்றவற்றைத் தேடிக் கொடுக்கிறார். நான் அதே பத்திரிகையில் வேன் ஓட்டியவன். முதலாளி பின்னால் நிற்பது தெரியாமல் முதலாளியைப் பற்றிப் பேசி வேலையை விட்டவன். என்னை ஏன் வாய் என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இனி வீடு. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிற வீடு அது. மகள் உள் அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். அப்பா வெளி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்வார், பிறகு வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வார். நிர்வாகம் முழுக்க அவர் மனைவி. அவர் இருபத்திரண்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கண்காணிப்பாளராக இருந்தவர். அந்தக் கெடுபிடியை வீட்டிலும் விடவில்லை. வேலை நேரத்தில் மகள் அவரை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவாளாம். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு நடுப்பகலில், வாசித்துக்கொண்டிருந்த மகள் அப்படியே சாய்ந்தாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் இருந்தாள். வயது இருபத்தாறு.

எங்களை அழைத்தது மேனேஜர்தான். அன்று காலையும் எங்களுக்கு எதிரே, உள் அறையிலிருந்து எடுத்துப் போட்டிருந்த மகளின் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் ஓரமாக நின்று ஒரு மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை எடிட்டர் என்போம். ஒல்லியான, சத்தமே போடாத மனிதர்.

"பாப்பா வாசிச்சது நாப்பத்தோரு புஸ்தகம். எல்லாம் லைப்ரரியில இருக்கு, யார் வேணா கேக்கலாம். நானும் கேட்டேன். நாப்பத்தொண்ணையும் கேட்டுட்டேங்க" என்றார் மேனேஜர். "தாவரவியல் பேசறா. பொருளாதாரம் பேசறா. சட்டம் பேசறா. என்னைக் கூப்பிட மாத்திரம் மாட்டேங்கறா."

"வெட்டிடுவாங்க இல்லையா?" என்றார் அக்கா மெதுவாக.

"இவர் வெட்டிடுவாரு. இருமினா வெட்டணும், சிரிச்சா வெட்டணும், நடுவுல தண்ணி கேட்டா வெட்டணும். வேலை அப்படி. வெட்டாத பதிவு அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு டிஸ்க்ல இருந்துச்சு. எட்டு மாசம் இந்த ரூமுக்குள்ள வர எங்களுக்குத் தெம்பு இல்ல. போன வாரம்தான் வந்து போட்டோம். டிஸ்க் டக் டக்குன்னு அடிச்சிட்டு நின்னுபோச்சு. சரி, தினமும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி போகுதே, அது இருக்கேன்னு தைரியமா இருந்தேன். மறுநாள் மெக்கானிக் வர்றதா ஏற்பாடு. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஜன்னல் திறந்து கிடக்கு. அதைக் காணோம்."

அவர் நாற்காலியை இன்னும் இறுகப் பிடித்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. ஒரே ஒரு தடவை அவ 'அம்மா'ன்னு கூப்பிடறது கேக்கணும். கடைசி அன்னிக்குக்கூட கூப்பிடலையாம். சத்தமே போடாம சாஞ்சிட்டான்னு இவர் சொன்னாரு. சமையலறை இங்கிருந்து பதினஞ்சு அடி. கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? உயிர் போற நேரத்துல என்னைக் கூப்பிடணும்னு அவளுக்குத் தோணல பாருங்க. நான் அவ்வளவுதான் போல."

எனக்கு அப்போது சொல்ல ஒரு ஜோக்கும் இல்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே நடந்தேன். அந்த அறைக்குச் சத்தம் வராமல் இருக்க வாசலுக்குள் இன்னொரு வாசல் கட்டியிருந்தார்கள். அதன் நிலை என் நெற்றிக்கு மிகச் சரியான உயரத்தில் இருந்தது.

"அம்மா!"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. எடிட்டர் மேஜையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டிருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"ஐயோ, பார்த்து வரக்கூடாதா தம்பி? அந்த நிலை தாழ்வு" என்று மேனேஜர் ஓடி வந்து என் நெற்றியைத் தேய்த்தார். நல்ல கை.

அக்கா என் நெற்றியைப் பார்க்கவில்லை. உடைந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு எடிட்டர் கீழே போட்டிருந்த மைக் வயரைப் பார்த்தார். வளையம் வளையமாக, ஒரே அளவில், நடுவில் ஒரு பட்டை.

*

மேனேஜர் டீ போடப் போனார். எடிட்டர் கண்ணாடித் துண்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"பதிவு இருந்த டிஸ்க்தான் செத்துப்போச்சு. கம்ப்யூட்டர் நல்லா இருக்கு" என்றார். "தினமும் பகல் ஒன்றரை மணிக்குத் தானா காப்பி எடுக்கற மாதிரி மெக்கானிக் வச்சிருக்கான். எப்பெப்போ எடுத்துச்சுன்னு இதுவே ஒரு பட்டியல் எழுதி வைக்கும். பாரு."

பார்த்தேன். ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 1.30. கண்ணில் பட்ட வரியிலெல்லாம் அதே வாசகம்: ஆள் உள்ளே இல்லை, ஓடவில்லை.

"பட்டப்பகல்ல ஆள் எங்கக்கா போச்சு?"

"சாப்பிடப் போச்சு. மேனேஜர் ஒரு ரெஜிஸ்டர் கொடுத்தாங்களே, எடு."

அந்த ரெஜிஸ்டரைக் காலையில் எங்களிடம் கொடுக்கும்போது மேனேஜர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. "சீட்டை விட்டு எழுந்தா லாக் அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கணும். எங்க ஆபீஸ்ல தவறினா மெமோ கொடுப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் அப்படியே போட்டுட்டு சாப்பிட வந்துடுவாங்க. அதனால ஒரு மணிக்கு நானே வந்து மூடுவேன். நேரம் போட்டு எழுதியிருக்கேன், நாலு வருஷத்துல ஒரு நாள் தப்பினது இல்ல" என்று சொல்லியிருந்தார்.

பத்திரிகை ஆபீஸில் ப்ரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் அச்சானதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கொலையானாலும் களவானாலும் அக்காவுக்கு அந்த ஒரு முறைதான் தெரியும்.

"வாசி" என்றார்.

"ஜூன் பதினொண்ணு. ஒண்ணு ரெண்டு. மூடியது."

"ஒண்ணு முப்பது. ஆள் இல்லை, ஓடவில்லை."

"ஜூன் பன்னெண்டு. ஒண்ணு மூணு. மூடியது."

"ஆள் இல்லை, ஓடவில்லை."

"ஜூன் பதிமூணு. ஒண்ணு ரெண்டு. மூடியது. அக்கா, இது கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஜோடி பேசற மாதிரி இருக்கு. அந்தம்மா ஒண்ணே ஒண்ணு சொல்ல, அந்தாளு ஒண்ணே ஒண்ணு சொல்ல..."

"வாசி."

வாசித்தேன். ஜூலை வாசித்தேன், ஆகஸ்ட் வாசித்தேன். மூடியது, ஓடவில்லை. மூடியது, ஓடவில்லை. செப்டம்பர் நடுவில் எங்கேயோ எனக்குப் புரிந்தது. என் குரல் தானாக இறங்கியது.

"நிறுத்து" என்றார் அக்கா. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் கேட்டது. "இனிமே மனசுக்குள்ள வாசி."

பிறகு மெக்கானிக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார், சத்தத்தைக் குறைத்து. நேற்று வரை என் சந்தேகமெல்லாம் இவன் மேல்தான் இருந்தது. ஒரு சந்தேகத்தையும் நிறைவேற்றாத மனிதன்.

"தம்பி, காப்பி எடுக்க ஏன் ஒன்றரை மணி வச்சீங்க?"

"அந்த டிஸ்க் சுத்துற சத்தம் மைக்ல விழும் மேடம். ரெக்கார்டிங் நடக்காத நேரம் அது ஒண்ணுதான்."

"ஆள் லாக் அவுட் பண்ணிட்டுப் போனாலும் ஓடுமா?"

"அதுக்குத் திரையில டிக் போடற பெட்டி ரெண்டு இருக்கும். ஆள் உள்ளே இருந்தா மட்டும் ஓடுன்னு ஒண்ணு. இருந்தாலும் இல்லாட்டியும் ஓடுன்னு ஒண்ணு. ரெண்டாவதுக்கு டிக் போட்டா பாஸ்வேர்ட் கேக்கும்."

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"



"பாஸ்வேர்ட் தெரிஞ்ச சார் அப்போ வெளியே போயிருந்தாரு, தங்கச்சியைத்தான் கேக்கணும். அது உள்ளே வாசிச்சிட்டிருந்துச்சு. கண்ணாடி வழியா என்னைப் பார்த்து உதட்டுல விரலை வச்சு சிரிச்சுது, சத்தம் போடாதீங்கன்னு. சரி, தொந்தரவு பண்ண வேண்டாம்னு முதல் பெட்டியில டிக் போட்டேன். பகல்லதானே, எப்படியும் ஆள் இருப்பாங்கன்னு... மேடம், ஏன்? ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. வைக்கிறேன்" என்றார் அக்கா.

அப்புறம் என்னிடம் திரும்பவில்லை, திரையைப் பார்த்தபடியே சொன்னார். "காப்பி எடுக்கற புரோகிராம் தினமும் ஒன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டியிருக்கு, வாய். அதுக்கு அரை மணி முன்னால இவங்க தினமும் கதவைப் பூட்டியிருக்காங்க. நாலு வருஷம்."

"ஆயிரம் நாளுக்கு மேல இருக்கும்க்கா."

"ஆயிரத்து நூத்துச் சொச்சம்."

ஆயிரத்து நூறு நாள் சிரிப்பு, ஆயிரத்து நூறு நாள் 'தண்ணி கொடு', ஆயிரத்து நூறு நாள் இருமல். எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கான கையெழுத்து பூட்டி வைத்திருந்தது. எழுத்துகூட ஒரு இடத்தில் கோணவில்லை. எனக்கு அந்த ரெஜிஸ்டரை மூடி எங்கேயாவது ஒளித்து வைக்கலாம் போல இருந்தது.

"அப்போ திருட்டுப் போன டிஸ்க் காலி டிஸ்க்கா?"

"கடைசிப் பக்கத்தைத் திருப்பு."

திருப்பினேன். கடைசி வரியில் தேதி இருந்தது. மேனேஜர் காலையில் வந்ததும் தேதியைப் போட்டுவிடுவார் போல. பக்கத்தில் நேரம் இல்லை. 'மூடியது' இல்லை. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

அக்கா திரையில் அதே தேதியில் விரலை வைத்தார். ஒண்ணு முப்பது. ஓடியது. பதினான்கு கோப்புகள். முடிந்தது.

எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த நாள். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். லாக் அவுட் செய்ய யாருக்கும் நினைவில்லை. ஒன்றரை மணிக்கு, வீட்டில் ஒரு ஜீவன் இல்லாதபோது, அந்தக் காப்பி புரோகிராம் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. முதல் தடவையாகக் கதவு திறந்திருந்தது. அன்றன்றைக்குப் பதிவானதை மட்டும் காப்பி எடுக்கும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது சொன்னதைச் செய்துவிட்டுப் படுத்துவிட்டது.

"வாய், எடிட்டரை உள் அறைக்குக் கூட்டிட்டு வா. நிலை இருக்கு, குனிஞ்சு வா."

*

உள் அறை ஒரு ஆள் படுத்தால் கால் இடிக்கிற அளவுதான். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுச் சதுரங்கள் ஒட்டியிருந்தன. ஒரு சதுரத்தில் வரிகள் நெடுக்காக ஓடும், பக்கத்துச் சதுரத்தில் குறுக்காக. மாற்றி மாற்றி, கூரை வரை.

அக்கா கதவைச் சாத்தினார். காதில் அடைப்பு விழுந்த மாதிரி இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது.

"இந்த ரூம்ல பேசினா வெளியே கேக்காது, இல்லையா சார்?"

"கேக்காதுங்க" என்றார் எடிட்டர்.

"நீங்களே ஒட்டினதா?"

"நானேதான். குக்கர் விசில் சத்தம் உள்ளே விழுது, அப்பான்னு பாப்பா சொல்லிச்சு. ஒரு வாரம் உக்காந்து ஒட்டினேன்."

அக்கா சுவரை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பார்த்தார். ப்ரூஃப் பார்க்கிற பார்வை. மூன்றாவது வரிசையில் நின்றார்.

"நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு, நெடுக்கு. இங்க ஒரு அச்சுப்பிழை."

சதுரத்தை இழுத்தார். கையோடு வந்தது. பின்னால் ஒரு குழி. குழியில் ஒரு மெல்லிய துண்டில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி, அந்த டிஸ்க்.

எடிட்டர் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"நீங்க திருடினா வயரைச் சுருட்டாம இருக்க முடியாது சார். அது உங்க கை" என்றார் அக்கா. "ஆனா நான் முடிவு பண்ணது டம்ளர் உடைஞ்சப்போதான். இவன் இடிச்சுக்கிட்டுக் கத்தினான். எல்லாரும் இவனைப் பார்த்தாங்க. நீங்க சுவரைப் பார்த்தீங்க."

எடிட்டர் சுவரில் இருந்த குழியைப் பார்த்தார்.

"இந்த ரூம்ல பேசினா வெளியே கேக்காது. அன்னிக்கும் கேக்கல. அதானே?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறபோதும் அந்த மனிதருக்குச் சத்தம் வரவில்லை.

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். நம் ஆட்கள் கல் தடுக்கினால் அம்மா என்போம், கதவிடுக்கில் விரல் மாட்டினால் அம்மா என்போம். பெற்றவள் போய் முப்பது வருடமான கிழவன்கூட இடுப்பைப் பிடித்தால் அவளைத்தான் கூப்பிடுவான். எனக்கு நாற்பத்திமூன்று வயது. காலையில் நானும் அதையேதான் கூப்பிட்டேன். அந்தப் பெண் மட்டும் வேறு எதைக் கூப்பிட்டிருப்பாள்?

"ஹெட்போன் என் காதுல இருந்துச்சுங்க" என்றார் எடிட்டர். "ஒரே தடவைதான். அவ்வளவு பலமா. நான் ஓடிப்போய்ப் பிடிச்சேன், அதுக்கப்புறம் பேச்சு இல்ல. இவ அங்க சமைச்சுக்கிட்டு நிக்கிறா. ரெண்டு கதவு, நான் ஒட்டின பஞ்சு. கூப்பிட்டுச்சு, உனக்குக் கேக்கலன்னு எப்படிங்க சொல்றது? அதான் சத்தமே போடலன்னு சொல்லிட்டேன்."

"போன வாரம் டிஸ்க்கைத் திறந்து பார்த்தீங்க."

"ஒரே ஒரு நாள்தான் இருந்துச்சு. பதினாலு துண்டு. பாப்பா காலையில இருந்து இவளை மேனேஜர், மேனேஜர்னுதான் கூப்பிட்டிருக்கு. இவ கேக்கற சொல்லு பதினாலாவது துண்டுல மட்டும்தான் இருக்கு." அவர் நிமிர்ந்தார். "மத்த நாளெல்லாம் ஏன் இல்லைன்னும் பார்த்தேன். பட்டியலைப் பார்த்தேன். அந்த ரெஜிஸ்டரையும் பார்த்தேன். இது ரெண்டையும் இவளால தாங்க முடியாதுங்க. திருடன் எடுத்துட்டுப் போனான்னு இருந்துட்டுப் போகட்டும். முகம் தெரியாத எவனையாவது திட்டிட்டு நிம்மதியா இருப்பா."

"பதினாலாவதை அழிச்சிருக்கலாமே?" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாது.

"நாலு வருஷமா அவ குரலை வெட்டறதுதான் தம்பி என் பொழப்பு. இதை மாத்திரம் வெட்ட கை வரல."

அக்கா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், சாதாரணமாகத் தரையில் உட்கார மாட்டார்.

"சார், கூப்பிடலன்னு சொன்னா வலிக்காதுன்னு நினைச்சீங்க. எட்டு மாசமா அவங்களை அரிக்கறதே அதுதான். 'என்னைக் கூப்பிடணும்னு அவளுக்குத் தோணல'ன்னு இன்னிக்குக் காலையில உங்களை வச்சுக்கிட்டே சொன்னாங்க. நீங்க வயர் சுருட்டிக்கிட்டிருந்தீங்க."

எடிட்டர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது இப்போதுதான் காதில் விழுகிறது என்று தெரிந்தது.

அப்போது கதவு திறந்தது.

*

மேனேஜர் டீத் தட்டோடு நின்றார். முதலில் சுவரில் இருந்த குழியைப் பார்த்தார். பிறகு அக்காவின் மடியில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளி அறைக்குத் திரும்பினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ரெஜிஸ்டர் கடைசிப் பக்கத்தில் திறந்து கிடந்தது. பக்கத்தில் திரையில் பட்டியல். இருபத்திரண்டு வருடம் ஃபைல் பார்த்த கண் அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நான் மூடினதாலயா?" என்றார்.

"இல்ல, இங்க பாரு, மெக்கானிக் ஒரு டிக்கை மாத்திப் போட்டுட்டான், அவன்..." என்று எடிட்டர் முன்னால் வந்தார்.

"உங்களைக் கேக்கல." அவர் அக்காவைப் பார்த்தார். "நான் மூடினதாலயா?"

அக்காவுக்குப் பொய் வராது. அச்சான பிறகு திருத்த முடியாது என்பார்.

"ஆமா" என்றார். "நீங்க தினமும் ஒழுங்கா மூடினதால. பாப்பா வாசிக்கறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மெக்கானிக் நினைச்சதால. காப்பி தானா போகுதுன்னு நம்பி சார் ஒரு நாளும் திறந்து பார்க்காததால. ஒருத்தர் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தாக்கூட எல்லாம் இருந்திருக்கும்."

மேனேஜர் ரெஜிஸ்டரைத் தடவிக்கொண்டே இருந்தார். அடித்துக்கொண்டு அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் காலியாக இருந்த கடைசி வரியில் விரலை நிறுத்தினார்.

"இந்த ஒரு நாள் மூடல."

"மூடல."

"அன்னிக்கு மட்டும் இருக்கு."

"இருக்கு."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க. கூப்பிட்டாளா?"

எடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேனேஜர்னா?"

"இல்ல."

"அப்போ?"

மேனேஜர் மகளின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. கையை நீட்டினார்.

"குடுங்க."

"வேண்டாம். பதிமூணு துண்டு கேளு. அதுல சிரிக்கிறா, உன்னைக் கிண்டல் பண்றா. போதும், அது வேண்டாம்..."

"எனக்கு வந்த கூப்பாடுங்க அது. எட்டு மாசமா உங்ககிட்டயே இருக்கு. குடுங்க."

எடிட்டர் டிஸ்க்கை வாங்கி வயரை மாட்டினார். பட்டையைப் பிரிக்க விரல் வரவில்லை, அக்காதான் பிரித்துக் கொடுத்தார். சிறிய விளக்கு ஒன்று எரிந்தது. ஹெட்போனை மனைவியின் காதில் அவரே வைத்தார், முடி மாட்டாமல் ஒதுக்கி வைத்தார். திரையில் பதினான்காவது கோப்பைத் தொட்டார்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு அலைந்துகொண்டே போனது. வாசிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் கோடு தட்டையானது. பிறகு ஒரே ஒரு தடவை, உயரமாக, எழும்பியது.

மேனேஜர் எழுந்தே விட்டார். ஹெட்போன் வயர் இழுபட்டது. உள் அறைக் கதவைப் பார்த்து, அடுப்பில் வேலையாக இருக்கிறவர் பதில் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்.

"என்னம்மா? இதோ வந்துட்டேன். வந்துட்டேன்மா."

எடிட்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அவருக்கும் சத்தம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்தார். எந்த வழக்கிலும் அவர் அப்படிச் செய்ததில்லை.

வெகு நேரம் கழித்து மேனேஜர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெஜிஸ்டரை இழுத்தார். திரையில் அந்தப் பதிவின் நேரத்தைப் பார்த்து, காலியாக இருந்த வரியில் அதே ஒழுங்கான கையெழுத்தில் எழுதினார். 12.41. கூப்பிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆகியிருந்தது. அவர் கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. பாதியில் நின்றது.

"இதை மூடணுமா, இப்படியே விடணுமா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அப்படியே விடுங்க. ரெண்டு கதவையும் சேர்த்து."

நாங்கள் கிளம்பினோம். உடைந்த மனிதர்கள் இருக்கிற அறையிலிருந்து எப்படி வெளியேறுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்வையைக் கீழேயே வைத்து நடந்தேன். அந்தப் பாழாய்ப்போன நிலையை மறந்தே போனேன். அதே நெற்றி, அதே இடம். கண்ணில் பொறி பறந்தது. தொண்டை வரை வந்த சொல்லை இரண்டு கையாலும் வாயைப் பொத்தி விழுங்கினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது, அழுகை இன்னும் காயாத குரல்.

"இடிச்சுக்கிட்டியா தம்பி? இரு, வரேன்."

நான் சத்தமே போடவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.